சீஸ் ஏன் மணலாகிறது?

வாசகி ஒருவர் எழுதியிருந்தார்: "வீட்டில் ஐந்து பேருக்கும் சேர்த்து ஓவனில் மக்ரோனி சீஸ் செய்தேன். ஆசையாக, ஒன்றரை வருடம் முதிர்ந்த செடார் சீஸாகப் பார்த்து வாங்கிப் போட்டேன். வெளியே எடுத்தால் மேலே எண்ணெய் மிதக்கிறது, உள்ளே சாஸ் மணல் மணலாக இருக்கிறது. 'பாக்கெட் மக்ரோனியே வழவழன்னு நல்லா இருக்குமேம்மா' என்று மகள் சொல்லிவிட்டாள். ஓவனில் கோளாறா, என் கையில் கோளாறா?"

ஓவனை விட்டுவிடுங்கள், பாவம். விஷயம் கால்சியத்தில் இருக்கிறது. மகள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு, அதற்கும் வருகிறேன்.

செய்முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசனை போக வறுத்து, பால் ஊற்றிக் கெட்டியாக்கி, துருவிய சீஸைக் கலந்து, முக்கால் பதம் வெந்த மக்ரோனியைப் போட்டுப் புரட்டி, மேலே ரொட்டித்தூள் தூவி ஓவனில் வைப்பது. 250 கிராம் மக்ரோனிக்கு வெண்ணெயும் மைதாவும் 40 கிராம் வீதம், பால் 600 மில்லி, சீஸ் 250 கிராம். இதில் தப்பு நடக்க இடமே இல்லாததுபோலத் தெரியும். ஆனால் சீஸ் சட்டிக்குள் விழுந்த அடுத்த இரண்டு நிமிடங்களில்தான் எல்லாமே தீர்மானமாகிறது.

பாலிலிருந்தே தொடங்கலாம். பாலில் இருக்கும் புரதத்தில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன். ஆயிரக்கணக்கான கேசீன் மூலக்கூறுகள் சேர்ந்து குட்டிக் குட்டி உருண்டைகளாகப் பாலில் மிதக்கின்றன. ஒரு உருண்டையின் குறுக்களவு சுமாராக 100 முதல் 200 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் 5,000 முதல் 10,000 உருண்டைகளை வரிசையாக அடுக்கிவிடலாம். உருண்டைக்குள்ளே புரதங்களைப் பிணைத்து வைத்திருப்பது கால்சியம் பாஸ்பேட். உருண்டையின் மேலே கப்பா கேசீன் என்ற வகை மெல்லிய மயிர்போல நீட்டிக்கொண்டிருக்கும். அந்த மயிரால்தான் ஓர் உருண்டை இன்னொன்றோடு ஒட்டாமல் விலகி நிற்கிறது, பாலும் பாலாகவே இருக்கிறது.

சீஸ் செய்பவர்கள் பாலில் ரென்னெட் என்ற உறைபொருளைச் சேர்ப்பார்கள். அதிலுள்ள கைமோசின் என்ற நொதி கப்பா கேசீனின் 105-வது அமினோ அமிலத்துக்கும் 106-வது அமினோ அமிலத்துக்கும் நடுவே கச்சிதமாக வெட்டும். அவ்வளவுதான், உருண்டைகளுக்கு மொட்டை போட்டாயிற்று. மொட்டை உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டி, கால்சியம் நடுவில் பாலம் போட, வலையாகப் பின்னிக்கொள்கின்றன. பாலின் கொழுப்பும் கொஞ்சம் தண்ணீரும் அந்த வலைக்குள் சிக்கிக்கொள்கின்றன. 100 கிராம் செடாரில் ஏறத்தாழ 33 கிராம் கொழுப்பு, 37 கிராம் தண்ணீர், 25 கிராம் புரதம். ஒட்டவே ஒட்டாத எண்ணெயையும் தண்ணீரையும் ஒரே கூரைக்குக் கீழே குடிவைத்திருப்பது அந்தக் கால்பங்குப் புரதம்தான்.

சரி, இதைச் சூடாக்கினால்? 40 டிகிரி செல்சியஸுக்குள் கொழுப்பு உருகிவிடும். 60 டிகிரியைத் தாண்டும்போது புரத வலையும் நெகிழ்ந்து, சீஸ் வழியத் தொடங்கும். இந்த இடத்தில் நின்றுகொண்டால் நல்லது. சூடு இன்னும் ஏறினால் புரதங்களின் தண்ணீர் பிடிக்காத பகுதிகள் ஒன்றையொன்று மேலும் இறுக்கமாகக் கட்டிக்கொள்ளும். ஈரத்துணியைப் பிழிவதுபோல வலை சுருங்கி, உள்ளே இருந்த தண்ணீரையும் கொழுப்பையும் வெளியே தள்ளிவிடும். கொழுப்பு மேலே மிதக்கும். சுருங்கிப்போன புரதத் துணுக்குகள்தான் நாக்கில் மணலாக நெருடுபவை.

முதிர்ந்த சீஸில் இது இன்னும் மோசம். மாதக்கணக்கில் உள்ளிருந்தே நொதிகள் புரதங்களைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொண்டிருக்கும். அந்தத் துண்டுகளால்தான் அந்தக் காரசாரமான சுவை வருகிறது. ஆனால் துண்டான இழையால் கொழுப்பைக் கட்டிப்பிடித்து வைத்திருக்க முடியாது, ஈரமும் குறைந்திருக்கும். ஆசையாக வாங்கிய சீஸே காலை வாரிவிட்டது. பாதி முதிர்ந்தது, பாதி இளசு என்று கலந்துகொண்டால் சுவையும் கிடைக்கும், சாஸும் பிழைக்கும்.

நானும் இதில் அடிபட்டவன்தான். கொதிக்கிற சாஸில் துருவல் முழுவதையும் ஒரே கொட்டாகக் கொட்டிவிட்டு, அடுப்பை அணைக்காமல் கரண்டியைத் தேடிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் மஞ்சள் எண்ணெய்க் குளம். "ஒரே பக்கமாகக் கிளறியிருக்க வேண்டும், மாற்றிக் கிளறினால் திரியத்தான் செய்யும்" என்றார் ஒரு நண்பர். இந்த நம்பிக்கைக்கு ஆயுசு கெட்டி. இரண்டு சட்டிகளில் ஒன்றை வலமாகவும் மற்றதைக் கண்டபடியும் கிளறிப் பார்த்தேன். அடுப்பு எரிந்தபோது இரண்டும் திரிந்தன, அணைத்துவிட்டுச் சீஸைப் போட்டபோது இரண்டும் வழவழவென்று வந்தன. நண்பர் இன்னும் வலமாகத்தான் கிளறுகிறார்.

மைதாவின் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோதுமை மாவின் ஸ்டார்ச் மணிகள் சூடான பாலில் உப்பி, நீண்ட இழைகளை வெளியே விடும். சாஸ் கெட்டியாகும்போது புரதத் துணுக்குகளும் கொழுப்புத் துளிகளும் ஒன்றையொன்று தேடிப்போய் ஒட்டுவது கடினமாகிறது. கூட்டத்தில் நடுவே ஆட்களை நிறுத்திப் பிரித்து வைப்பதுபோல.

ஸ்டார்ச் எவ்வளவு இருந்தால் போதும் என்பதை இயற்பியலாளர்கள் சிலர் அளந்தே பார்த்துவிட்டார்கள். பெக்கரினோ சீஸும் மிளகும் பாஸ்தா வெந்த தண்ணீரும் சேர்த்துச் செய்யும் இத்தாலிய சாஸ்தான் அவர்களின் ஆய்வுப்பொருள். சீஸின் எடையில் 1 சதவீதத்துக்கும் கீழே ஸ்டார்ச் இருந்தால் கட்டிதட்டுகிறது, 2 முதல் 3 சதவீதம் இருந்தால் சாஸ் நிலைக்கிறது என்று கண்டார்கள். 2025-ல் இதற்கு இயற்பியலுக்கான இக் நோபல் பரிசு கிடைத்தது, முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் வேடிக்கைப் பரிசு அது. நம் செய்முறையின் 40 கிராம் மைதாவில் முக்கால் பங்கு ஸ்டார்ச் என்று வைத்தாலும் 10 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது, கவலை இல்லை.

இந்த மாதிரிச் செய்தி வந்தாலே, "ஆராய்ச்சிப் பணத்தில் சீஸ் கிளறுகிறார்களா?" என்று கேட்க ஒரு கூட்டம் தயாராக இருக்கும். எனக்கு இதில் கோபமே வரும். கரைசலில் மிதக்கும் புரதங்கள் எப்போது பிரிந்து கட்டிதட்டும் என்பது உயிரணுவுக்குள்ளும் நடக்கிற சமாச்சாரம். நரம்புச் சிதைவு நோய்கள் சிலவற்றில் புரதம் கட்டிதட்டுவதுதான் பெரிய தலைவலி. அதே கேள்வியை ஒரு சட்டியிலும் வெப்பமானியிலும் கேட்டுப் பார்க்க ஆகிற செலவு எவ்வளவு இருந்துவிடப் போகிறது?

இனி மகள் சொன்ன பாக்கெட் மக்ரோனிக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான்.

பதப்படுத்திய சீஸ், ஸ்லைஸ் சீஸ், பாக்கெட் சீஸ்தூள் ஆகியவற்றின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் சோடியம் சிட்ரேட் அல்லது சோடியம் பாஸ்பேட் வகை உப்பு ஒன்று இருக்கும். 1911-ல் ஸ்விட்சர்லாந்தின் தூன் நகரில் வால்டர் கெர்பர், ஃப்ரிட்ஸ் ஸ்டெட்லர் என்ற இருவர் சீஸைச் சோடியம் சிட்ரேட்டோடு சேர்த்து உருக்கி, நீண்ட நாள் கெடாத பதப்படுத்திய சீஸை உருவாக்கினார்கள். கரண்டி நுனியில் நிற்கிற அளவு உப்பு அங்கே என்ன செய்கிறது?

கால்சியத்துக்கு இரண்டு கைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் மின்னூட்டம் நேர் இரண்டு. ஒரு கையால் ஒரு கேசீனையும் மறு கையால் பக்கத்துக் கேசீனையும் பிடிக்கும். பாலம் என்று முன்பு சொன்னது இந்தப் பிடியைத்தான். சோடியத்துக்கு ஒரே கை. அதனால் ஒரு கேசீனைப் பிடிக்க முடியும், இரண்டைச் சேர்த்துக் கட்ட முடியாது. சிட்ரேட் எதிர்ப்பக்கத்து ஆள், அதற்கு மூன்று கைகள், கால்சியம் என்றால் உயிர். சாஸுக்குள் நுழைந்ததும் தான் கூட்டிவந்த சோடியத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கால்சியத்தை அள்ளிக்கொள்கிறது. பாலங்கள் ஒவ்வொன்றாகக் கழல, இறுகிக் கிடந்த கேசீன்கள் பிரிந்து தண்ணீரில் விரிகின்றன.

அப்புறம் நடப்பதுதான் அழகு. கேசீன் மூலக்கூறின் ஒரு பகுதிக்குத் தண்ணீர் பிடிக்கும், இன்னொரு பகுதிக்குக் கொழுப்பு பிடிக்கும். விடுதலையான கேசீன்கள் ஒவ்வொரு கொழுப்புத் துளியையும் சுற்றிப் போர்வைபோலப் படிகின்றன, கொழுப்பு பிடித்த பக்கம் உள்ளே, தண்ணீர் பிடித்த பக்கம் வெளியே. போர்த்திய துளிகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை, மேலே மிதப்பதும் இல்லை. சோடியம் சிட்ரேட்டைப் பால்மமாக்கும் உப்பு என்று எழுதுகிறார்கள், ஆனால் எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைக்கிற வேலையை அது செய்வதில்லை. சீஸின் சொந்தப் புரதமே செய்கிறது. கட்டிப்போட்டிருந்த கயிற்றை மட்டும் சிட்ரேட் அவிழ்த்துவிடுகிறது.

அப்படியானால் கால்சியமே இல்லாவிட்டால் இன்னும் நன்றாக உருகுமா? உருகாது. எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்த பாற்கட்டியைச் சூடாக்கிப் பாருங்கள், காய்ந்துபோகுமே தவிர வழியாது. அமிலத்தில் கால்சியம் கரைந்து வெளியேறிவிட, புரதங்கள் நேராகவே ஒன்றையொன்று இறுக்கிக்கொள்கின்றன. கால்சியம் அதிகம் தங்கிவிட்ட ஹலூமி சீஸும் கல்லில் போட்டுச் சுட்டாலும் உருகாது. இந்த இரண்டுக்கும் நடுவே, புளிப்பும் கால்சியமும் அளவாக இருக்கும் இளம் செடார், கவுடா போன்றவையே நன்றாக உருகுகின்றன.

சோடியம் சிட்ரேட் கிடைத்தால் சீஸின் எடையில் 2 முதல் 3 சதவீதம் போதும். அதைச் சூடான பாலில் கரைத்துவிட்டால் மைதாவே வேண்டாம். கிடைக்காவிட்டால் வீட்டிலேயே செய்யலாம். ஒரு பெரிய எலுமிச்சையின் சாற்றில் (சுமார் 45 மில்லி) அரை டீஸ்பூனுக்குச் சற்று மேலாகச் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். நுரை பொங்கி அடங்கியதும் கையில் ஏறக்குறைய 3 கிராம் சோடியம் சிட்ரேட் கரைசல். இந்த மெனக்கெடல் எல்லாம் எதற்கு என்று தோன்றினால், சாஸில் இரண்டு ஸ்லைஸ் பதப்படுத்திய சீஸைக் கிழித்துப் போடுங்கள், அதிலிருக்கும் உப்பு மற்ற சீஸையும் ஓரளவு பார்த்துக்கொள்ளும். மகளிடம் சொல்ல வேண்டியதில்லை.

ஓவனைப் பற்றி இரண்டு வரி. உள்ளே 190 டிகிரி இருந்தாலும் தட்டின் நடுப்பகுதி, ஈரம் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது. காய்கிற மேல்தளம் மட்டும் சூடேறி, புரதமும் சர்க்கரையும் வினைபுரிந்து பழுப்பாகி மணக்கும். இதற்கு 20 முதல் 25 நிமிடம் போதும். அதற்கு மேல் வைத்தால் மக்ரோனி சாஸின் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், கொழுப்பு தனியே நின்றுவிடும். அதனால்தான் மக்ரோனியைப் பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும், சாஸும் கலக்கும்போது சற்றுத் தளர்வாகவே தெரிய வேண்டும்.

மிச்சமானதை மறுநாள் சூடாக்கும்போது இரண்டு ஸ்பூன் பால் விட்டுப் புரட்டி, மூடி, சின்னத் தீயில் வையுங்கள். குளிரில் இறுகிய ஸ்டார்ச்சும் இளகும், மக்ரோனி குடித்துவிட்ட தண்ணீருக்கும் ஈடாகும். மைக்ரோவேவ் என்றால் பாதிச் சக்தியில், நடுநடுவே கிளறி. எந்தப் பக்கமாகக் கிளறினாலும் சரி.