பிரிண்டர் வாங்கும் முன் கேளுங்கள்: ஹெட் எங்கே இருக்கிறது?

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ரிப்பேருக்கு என் மேசைக்கு வரும் இங்க்ஜெட் பிரிண்டர்களில் பாதிக்கு ஒரே வியாதிதான். மார்ச்சில் பிள்ளைகளின் புராஜெக்ட் முடிந்ததும் துணி போட்டு மூடியிருப்பார்கள். இரண்டு மாத வெயிலில் உள்ளே மை காய்ந்து கிடக்கும். "நல்லாத்தான் சார் ஓடிட்டிருந்துச்சு" என்பார்கள். அதுவும் உண்மைதான்.

ஒரு ஜூனில் டியூஷன் எடுக்கும் ஒரு டீச்சர் இரண்டு பிரிண்டர்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஒன்று பழைய கார்ட்ரிட்ஜ் மாடல், விலை குறைவு. இன்னொன்று புட்டி மையை ஊற்றும் டேங்க் வைத்தது, அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் விலை. இரண்டிலும் கறுப்பு விழவில்லை. முதலாவதற்குப் புது கறுப்புக் கார்ட்ரிட்ஜ் மாட்டினேன், பத்து நிமிடத்தில் ஓடியது. இரண்டாவதற்கு, மை தெளிக்கும் பகுதியான ஹெட்டைச் சுத்தம் செய்யும் கிளீனிங்கை மூன்று முறை ஓட்டியும், ராத்திரி முழுக்க ஹெட்டை ஊறவைத்தும் பலனில்லை. ஹெட்டையே மாற்றலாம் என்றால் புது பிரிண்டர் விலையில் பாதிக்கு மேல் ஆகிறது. "விலை கூடினதுதானே சார் நல்லா உழைக்கணும்?" என்று கேட்டார். விலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஹெட் எங்கே இருக்கிறது என்பதுதான் விஷயம்.

எச்பியின் சாதாரண கார்ட்ரிட்ஜ் மாடல்களிலும் கேனானின் இரட்டைக் கார்ட்ரிட்ஜ் மாடல்களிலும் மை தெளிக்கும் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. அடியில் செப்பு நிறத்தில் பளபளக்கும் பட்டையும் அதன் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத துளைகளும்தான் அது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு குட்டி ஹீட்டர் உண்டு. மை கொதித்துக் குமிழி கிளம்பி, துளியை வெளியே தள்ளும். எப்சன் வழி வேறு. அங்கே சூடு கிடையாது. மின்சாரம் பட்டால் வளையும் பீசோ படிகம் மையைத் தள்ளும். ஹெட் பிரிண்டருக்குள்ளேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும். நீண்ட நாள் உழைக்கும், ஆனால் அடைத்துக்கொண்டால் செலவும் பெரிது. கேனான் ஜி வரிசையும் எச்பி ஸ்மார்ட் டேங்க்கும் நடுவழியில் நிற்பவை. டேங்க் தனியாக இருக்கும், ஹெட்டைக் கழற்றி மாற்றலாம்.

ரீபில் செய்து ஓட்டத்தான் வாங்குகிறேன் என்பவருக்கு ஹெட் கார்ட்ரிட்ஜில் இருப்பது ஒரு வசதி. கெட்டால் போவது கார்ட்ரிட்ஜ் மட்டும்தான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. அந்த ஹீட்டர்களைக் குளிர வைப்பதும் அதே மைதான். மை வற்றிய பிறகும் "இன்னும் ரெண்டு பக்கம்" என்று இழுத்தால் ஹெட் கருகிவிடும். கருகிய ஹெட்டுக்கு எந்த மையை ஊற்றினாலும் வேலையில்லை. எழுத்தில் கோடு விழ ஆரம்பித்த அன்றே ரீபில் செய்துவிடுங்கள்.

கடையில் கொடுத்தாலும் சரி, வீட்டில் செய்தாலும் சரி, ரீபிலைப் பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்டிக்கரை உரித்தால் கலர் கார்ட்ரிட்ஜில் மையூற்றும் துளைகள் தெரியும். எந்தத் துளை எந்த நிறம் என்று ஊகிக்கக் கூடாது, பல் குத்தும் குச்சியை விட்டு நுனியில் ஒட்டும் நிறத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நிறத்துக்கு இரண்டு மூன்று மில்லி போதும். சிரிஞ்சை மெதுவாக அழுத்த வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சு குடிக்க நேரம் வேண்டாமா? மேலே பொங்கி வழிந்தால் நிறம் கலந்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் டிஷ்யூ பேப்பரை நான்காக மடித்து, ஹெட் பக்கத்தை அதில் லேசாக ஒற்றி எடுங்கள். மஞ்சள், நீலம், ரோஸ் என்று மூன்று பட்டைகள் பக்கத்தில் பக்கத்தில் தெளிவாக விழுந்தால் ரீபில் சரி. ஒன்று விழாவிட்டால் காசு கொடுக்காதீர்கள்!

பிறகும் கம்ப்யூட்டர் "மை இல்லை" என்றே காட்டும், பயப்பட வேண்டாம். பெரும்பாலான மாடல்கள் உள்ளே இருக்கும் மையைப் பார்ப்பதில்லை. எத்தனை துளி தெளித்தோம் என்று எண்ணிக் கழிக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் சில மாடல்கள் நிரப்பிய கார்ட்ரிட்ஜை ஏற்கவே மறுக்கும், சில சாப்ட்வேர் அப்டேட்டுக்குப் பின் முரண்டு பிடிக்கும். எனவே மாடலை முடிவு செய்யும் முன் ஷோரூமில் கேட்காதீர்கள். உங்கள் தெருவில் ரீபில் செய்பவரிடம் போய், "இந்த நம்பர் கார்ட்ரிட்ஜ் நிரப்புவீங்களா, எத்தனை தடவை தாங்கும்?" என்று கேளுங்கள். என் கையில் நான்கைந்து தடவை தாங்கினால் நல்ல கார்ட்ரிட்ஜ் என்பேன்.

இனி கணக்கு. எச்பி 680 கறுப்புக் கார்ட்ரிட்ஜுக்குக் கம்பெனி சொல்வது சுமார் 480 பக்கம், கலருக்கு 150. எப்சன் 003 கறுப்பு மை 65 மில்லி புட்டி, 4500 பக்கம். கலர் மூன்றும் சேர்ந்து 7500. எண்களைப் பார்த்தால் டேங்க்கை விட்டால் வழியில்லை என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கக் கணக்கு இடைவெளி விடாமல் தொடர்ந்து அச்சிட்டுப் பார்த்தது. நாம் வாரத்துக்கு நான்கு தாள் அடிக்கிறோம், ஒவ்வொரு தடவையும் பிரிண்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கொஞ்சம் மையைக் குடிக்கிறது. டேங்க் பிரிண்டரில் முதல் புட்டியின் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும். என் கணக்கு இது: மாதம் நூறு பக்கத்துக்கு மேல், வாரத்துக்கு இரண்டு முறையாவது ஓடும் என்றால் டேங்க். அதற்குக் கீழே, கலரும் ஸ்கேனும் வேண்டும் என்றால் ரீபில் ஆகும் கார்ட்ரிட்ஜ் மாடல். கறுப்பு மட்டும், அதுவும் எப்போதாவது என்றால் இங்க்ஜெட்டே வேண்டாம், கறுப்பு லேசர் வாங்குங்கள். டோனர் பொடி காயாது.

சுத்தம் செய்யக் குடித்த மை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. அடியில் ஒரு பஞ்சு மெத்தையில் ஊறுகிறது. அது நிறைந்துவிட்டதாக எண்ணிக்கை சொன்னதும் பிரிண்டர் நின்றுவிடும். சில மாடல்களில் அந்தப் பஞ்சு இருக்கும் பெட்டியை நாமே கழற்றி மாற்றலாம், சிலவற்றில் சர்வீஸுக்குத்தான் எடுத்துவர வேண்டும். வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்திர நகல் எடுப்பவர்கள் கண்ணாடியின் நீளத்தையும் பார்க்க வேண்டும். மலிவு ஆல் இன் ஒன்களில் ஸ்கேன் கண்ணாடி ஏ4 அளவுதான், லீகல் தாளின் அடிப்பகுதி வெளியே நிற்கும். மேலே தாளை இழுத்துக்கொள்ளும் ஃபீடர் இருந்தால் பெரும்பாலும் லீகல் போகும்.

இன்னொன்று, சுவிட்ச் போர்டில் அணைக்கும் பழக்கம். பிரிண்டரின் சொந்தப் பட்டனை அழுத்தினால்தான் ஹெட் ஓரமாகப் போய் ரப்பர் மூடிக்குள் உட்காரும். வேலை நடுவே போர்டில் தட்டினால் அது பாதி வழியில் திறந்த வாயோடு நிற்கும், மை காயும். டீச்சரின் இரண்டு பிரிண்டர்களும் அப்படித்தான் நின்றிருந்தன. டேங்க் பிரிண்டரை அவர் உதிரிக்கு விற்றுவிட்டார். பழைய கார்ட்ரிட்ஜ் பிரிண்டர் இன்னும் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அதில் ஒரு கலர்ப் பக்கம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், அந்த வேலையை அவர் பையன் பார்த்துக்கொள்கிறான்.