பெயர் இல்லாத மீனை எந்தக் கட்டத்தில் வைப்பது?

ஒகேனக்கல்லில் மீன் வறுக்கும் அக்காக்களிடம் போனால் முதல் கேள்வியே, "ஜிலேபியா கண்ணு, கட்லாவா?" என்பதுதான். ஜிலேபிக் கெண்டை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கட்லாவுக்குச் சொந்த ஊர் கங்கைப் பக்கம். காவிரிக் கரையில் உட்கார்ந்து வந்தேறி மீன்களைச் சாப்பிட்டுவிட்டு வருகிறோம். காவிரிக்கே உரிய மீன் ஒன்று இருக்கிறது. அதன் கதைக்குப் போகுமுன் கொஞ்சம் கணக்கு.

உலகில் உயிரினங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு அளவுகோல்களை நீட்டுவார்கள். ஒன்று, எவ்வளவு பரப்பு பாதுகாக்கப்பட்டிருக்கிறது என்பது. 2024 கணக்குப்படி நிலத்தில் சுமார் 17 சதவீதம், கடலில் 8 சதவீதம். 2030-க்குள் இரண்டையும் 30 ஆக்குவதென்று 2022 டிசம்பரில் மாண்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன.

இந்தச் சதவீதம் எப்படி ஏறுகிறது என்பதை நம் ஊரிலேயே பார்க்கலாம். 2014-இல் காவிரி வடக்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கி.மீ. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டையும் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய 9,600 சதுர கி.மீ. அதில் 5 சதவீதம் ஆயிற்று. 2022 நவம்பரில் 686 சதுர கி.மீ. கொண்ட காவிரி தெற்கு சரணாலயம் வந்ததும் 5 என்பது 12-ஐத் தாண்டிவிட்டது. அன்றைக்கு ஒரு மரம்கூடப் புதிதாக முளைக்கவில்லை, ஏற்கெனவே காப்புக்காடாக இருந்த இடம்தான். அதற்காக வீண் வேலை என்று சொல்ல மாட்டேன். கர்நாடகத்தின் காவிரி சரணாலயத்தோடு காடு தொடர்ச்சியாக இணைந்தது, யானைகளுக்குப் பெரிய விஷயம். ஆனால் இந்த எல்லைக் கோடு யானையை எவ்வளவு தூரம் நிறுத்தும் என்பதை, ராகி முற்றும் மாதங்களில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராத்திரி முழுக்கக் காவல் இருப்பவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

இரண்டாவது அளவுகோல் சிவப்புப் பட்டியல். இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் 1964 முதல் நடத்திவருவது. இதில் தலையை எண்ணுவதைவிட முக்கியம், குறையும் வேகம். பத்து ஆண்டுகளில், அல்லது மூன்று தலைமுறைகளில், இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்தில் 30 சதவீதம் குறைந்திருந்தால் 'பாதிப்புக்குள்ளாகக்கூடியது', 50 என்றால் 'அழியும் அபாயம்', 80 என்றால் 'மிக மோசமான அபாயம்'. ஆசிய யானை ஆயிரக்கணக்கில் இருந்தும் இரண்டாவது கட்டத்தில் இருப்பது இதனால்தான். இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களை மதிப்பிட்டிருக்கிறார்கள். 45,000-க்கும் மேல் இந்த மூன்று கட்டங்களில் விழுந்திருக்கின்றன. பெயர் சூட்டப்பட்டவையே சுமார் 20 லட்சம் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இதை ஒரே எண்ணாகச் சுருக்கவும் வழி உண்டு, சிவப்புப் பட்டியல் குறியீடு என்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண்: கவலையில்லாத இனத்துக்கு 0, அபாயத்தை நெருங்குவதற்கு 1, அப்புறம் மேலே சொன்ன மூன்று கட்டங்களுக்கு 2, 3, 4, அழிந்தே போனதற்கு 5. நம் காவிரிக் காட்டில் ஐந்து பேரை எடுத்துக்கொள்வோம். சாம்பல் நிற மலை அணில் 1, நீர்நாய் 2, முதலை 2, யானை 3, மசீர் மீன் 4. கூட்டினால் 12. ஐந்துமே அழிந்திருந்தால் 25. பன்னிரண்டை 25-ஆல் வகுத்து ஒன்றிலிருந்து கழித்தால் 0.52. காக்கை, மைனா என்று எடுத்திருந்தால் 1 வந்திருக்கும். அதனால்தான் உண்மையான குறியீட்டில் வேண்டியதைப் பொறுக்காமல், பறவைகள், பாலூட்டிகள் என்று முழுக் குழுவையும் எடுத்து, ஆண்டுக்காண்டு எப்படி மாறுகிறது என்று பார்க்கிறார்கள்.

சரி, அந்த மசீர். தொடக்கத்தில் சொன்ன காவிரிக்கே உரிய மீன் இதுதான். முதுகில் திமில், ஆரஞ்சு நிறத் துடுப்பு, 50 கிலோவைத் தாண்டி வளரும் உடம்பு. காவிரியையும் அதன் கிளை ஆறுகளையும் தவிர வேறெங்கும் கிடையாது. வெள்ளைக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தூண்டிலும் கையுமாக இதைத் தேடி வந்தார்கள். அவ்வளவு பிரபலமான மீனுக்கு 2018 வரை அறிவியல் பெயர் உறுதியாகவில்லை. பெயர் இல்லையென்றால் மதிப்பீடு இல்லை, மதிப்பீடு இல்லையென்றால் பட்டியலில் இடமில்லை. அந்த ஆண்டுதான் இது டோர் ரெமதேவி என்று முடிவாகி, நேரே 4 மதிப்பெண் கட்டத்தில் போய் உட்கார்ந்தது.

இடைப்பட்ட காலத்தில் நடந்ததுதான் எனக்கு ஆறாத விஷயம். 1970-கள் முதல், நல்ல எண்ணத்தோடு, பொரிப்பகத்தில் வளர்த்த நீலத்துடுப்பு மசீர் குஞ்சுகளைக் காவிரியில் விட்டுக்கொண்டே இருந்தார்கள். அது அழியும் அபாயத்தில் இருப்பதாக நம்பிய காலமும் உண்டு. அந்த மீன் பெருகியது, ஊர்க்காரனான திமில் மசீர் அருகியது. அணைகள், மணல் அள்ளுவது, வெடி வைத்து மீன் பிடிப்பது எல்லாமும் கூடச் சேர்ந்துகொண்டன. வேடிக்கை என்னவென்றால் அதே 2018-இல் நீலத்துடுப்பு மசீர் 'அழியும் அபாயம்' கட்டத்திலிருந்து கவலையில்லாத கட்டத்துக்கு மாற்றப்பட்டது.

இப்படித் தகவல் தெளிவானதால் கட்டம் மாறினால், குறியீட்டைக் கணக்கிடுபவர்கள் அதைச் சரிவாகவோ மீட்சியாகவோ எண்ணுவதில்லை. பழைய ஆண்டுகளுக்கான மதிப்பெண்ணையும் பின்னோக்கிப் போய்த் திருத்திவிடுவார்கள். ஆகவே மேலே திமில் மசீருக்கு நான் போட்ட 4, பெயர் வைத்த ஆண்டில் தொடங்கியதல்ல. யாரும் எழுதி வைக்காமலே ஆற்றில் அது முன்பே விழுந்துவிட்டிருந்தது.