புலம்பலும் ஜெபம்தான்

மருத்துவமனை ஊழியத்தில் நோயாளிகளின் கட்டிலருகே நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை, "ஜெபமே வரமாட்டேன் என்கிறது, ஐயா." இப்படிச் சொல்பவர்கள் ஜெபத்துக்குப் புதியவர்கள் அல்லர். குடும்ப ஜெபத்தில் வளர்ந்தவர்கள், உபவாசக் கூட்டங்களுக்குத் தவறாமல் போனவர்கள். ஸ்தோத்திரம் செலுத்தத் தெரியும், விண்ணப்பம் செய்யவும் தெரியும். வயிறெரியும்போது ஆண்டவரிடம் எப்படிப் பேசுவது என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

வேதாகமத்திலுள்ள ஜெபப் பாடல்களின் தொகுப்பான சங்கீதப் புத்தகம் நம் சபைகளில் 23, 91, 121 என்னும் ஆறுதல் பாடல்களாகச் சுருங்கிவிட்டது. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாக எடுக்கும், வேதவசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையில் 88-ஆம் சங்கீதம் வந்து நான் பார்த்ததில்லை. 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். அவற்றை ஒதுக்கிவைத்துவிட்டு, துக்க வீட்டில் "அழாதீர்கள், விசுவாசியுங்கள்" என்கிறோம். கேட்டவர் அழுகையை அடக்கிக்கொள்கிறார். கூடவே ஜெபமும் அடங்கிப்போகிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்த ஓர் இளம்பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சுற்றி நின்ற உறவினர்கள் "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்று மாறிமாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் 13-ஆம் சங்கீதத்தை எடுத்து மெதுவாக வாசித்தேன்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" அவர் திரும்பினார். "ஆண்டவரிடம் இப்படிக் கேட்கலாமா, ஐயா?"

"இந்தச் சங்கீதத்தைப் பாடிய தாவீது ராஜாவே கேட்டிருக்கிறாரே, அம்மா."

பிறகு அவரே "எதுவரைக்கும், எதுவரைக்கும்" என்று அழத் தொடங்கினார். அந்தச் சங்கீதம் "அவரைப் பாடுவேன்" என்று முடிகிறது. அன்று அதுவரை நான் போகவில்லை. பாட்டு வரும் நாளில் அவரே வாசித்துக்கொள்ளட்டும்.

இது முறுமுறுப்பு ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களுக்குள் முறுமுறுத்தார்கள் என்கிறது 106-ஆம் சங்கீதம். அவர்கள் கர்த்தரைவிட்டு முகம் திருப்பிக்கொண்டு பேசியவர்கள். சங்கீதக்காரனோ அவர் முகத்துக்கு நேரே நின்று கேட்கிறான். சிலுவையில் இயேசுவும் அப்படித்தான் கேட்டார். "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதம். "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ஆம் சங்கீதம். ஆண்டவரே கடன்வாங்கிய வார்த்தைகளை நாம் வாங்கக் கூசுவானேன்?

நாளுக்கு ஒரு சங்கீதம் போதும். வாய்விட்டு வாசியுங்கள். எந்த வரி தொண்டையை அடைக்கிறதோ அங்கே நிறுத்தி, உங்கள் காரியத்தைப் பெயர் சொல்லியே வையுங்கள்: வட்டிக் கடன், ஸ்கேன் ரிப்போர்ட், பேச்சை நிறுத்திவிட்ட மகன். 6-ஆம் சங்கீதத்தில் ஒருவன் இராமுழுவதும் அழுது கட்டிலை நனைக்கிறான். அது இன்றைக்கு உங்கள் நிலைமை இல்லையென்றால், அப்படி அழுதுகொண்டிருக்கும் ஒருவருக்காக அதை ஜெபியுங்கள். 109-ஆம் சங்கீதத்தின் சாபங்கள் பலரைத் திடுக்கிடவைக்கின்றன. வஞ்சிக்கப்பட்டவன் தன் ஆத்திரத்தையெல்லாம் அங்கே கர்த்தரிடம் கொட்டுகிறான். பழிவாங்கும் வேலையை அவர் கையில் விட்டுவிடுகிறான்.

88-ஆம் சங்கீதத்தில் ஆறுதல் வருவதேயில்லை. "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத் தொடங்கி, நண்பர்கள் விலகிப்போன இருளில் முடிகிறது. அதற்கு ஒரு நல்ல முடிவை நாமாக ஒட்டவைக்க வேண்டாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் இல்லாமல், சாக வேண்டும் என்று பேசுகிறவரை ஜெபிக்கச் சொல்லிவிட்டுத் தனியே விடாதீர்கள். தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். அங்கே காத்திருக்கும் நேரத்தில், "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்னும் 42-ஆம் சங்கீதத்தை அவரோடு சேர்ந்து வாசிக்கலாம்.