இரண்டு ஓவியங்களுக்கு நடுவே வரைவது யார்?

புது டிவி வாங்கிய வாசகர் ஒருவர் கேட்கிறார்: "பழைய டிவியில் ரசித்துப் பார்த்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), புதுசில் வழவழவென்று உயிரே இல்லாமல் ஓடுகிறது. கோளாறு டிவியிலா, என் கண்ணிலா?"

கண் நன்றாகவே இருக்கிறது. டிவிதான் அதிகப்பிரசங்கித்தனம் செய்கிறது.

சினிமாவுக்கு நொடிக்கு 24 ஃபிரேம் என்பது தெரிந்த கதை. கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்திவிடுவார்கள். நொடிக்கு 12 ஓவியம் போதும். 1963-இல் ஒசாமு தெசுகாவின் 'ஆஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் வாராவாரம் வரத் தொடங்கியபோது காசும் நேரமும் பற்றவில்லை. மூன்று ஃபிரேமுக்கு ஓர் ஓவியம் என்று இறங்கினார்கள். சிக்கனத்துக்குச் செய்தது பிறகு பாணியாகவே நிலைத்துவிட்டது.

நொடிக்கு எட்டே ஓவியம் என்றால் அசைவு எங்கிருந்து வருகிறது? முந்தைய பிம்பம் விழித்திரையில் சற்று நேரம் தங்குவதால் என்று பள்ளியில் படித்திருப்போம். அந்த விளக்கம் போதாது. பிம்பம் தங்கினால் இரண்டு ஓவியங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலங்கித்தானே தெரிய வேண்டும்?

உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் செய்து 1912-இல் வெளியிட்ட சோதனை எளிமையானது. இரண்டு கோடுகளை அடுத்தடுத்து காட்டினார். இடைவெளி சுமார் 200 மில்லிநொடி என்றால் ஒன்று போய் மற்றொன்று வந்தது. 30 என்றால் இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. 60 வாக்கில் ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்ந்தது! முதலில் அவர் கையில் எடுத்தது ஒரு பொம்மைக் கருவி என்பார்கள். பொம்மையோடு இன்று ஆராய்ச்சி நிதி கேட்டுப் போனால், "இதனால் நாட்டுக்கு என்ன லாபம்?" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 1976-இல் கோலர்ஸ், வான் குருனாவ் இருவரும் வெளியிட்ட சோதனை. இடப்பக்கம் சிவப்புப் புள்ளி மின்னி மறைகிறது. சிறு இடைவெளி விட்டு வலப்பக்கம் பச்சைப் புள்ளி. பார்ப்பவருக்கோ ஒரே புள்ளி நகர்வதாகவும், பாதி வழியில் சட்டென்று பச்சையாவதாகவும் தெரிகிறது. கொஞ்சம் நிதானித்து யோசியுங்கள். பாதி வழியில் இருக்கும்போது பச்சை இன்னும் திரைக்கே வரவில்லை! வரப்போகும் நிறம் மூளைக்கு எப்படித் தெரியும்? தெரியாது. இரண்டாவது புள்ளி வந்து சேர்ந்த பிறகே நடுவில் நடந்ததை எழுதி, முன்தேதி போட்டு நம்மிடம் நீட்டுகிறது. நாம் 'இப்போது' என்று பார்ப்பது சற்றே தாமதமாகத் தயாரான அறிக்கை.

நல்ல அனிமேட்டர் மூளை என்ற இந்த எழுத்தருக்கு வேலை வைக்கிறார். குத்துச்சண்டைக் காட்சியில் கை பின்னால் போவதை நெருக்கநெருக்கமாக நாலைந்து ஓவியங்களில் காட்டுவார்; அடுத்த ஓவியத்தில் முஷ்டி தாடையில் இருக்கும். நடுவே ஒன்றுமே இருக்காது. அடியின் வேகம் அந்தக் காலியிடத்தில்தான் இருக்கிறது. 2018-இல் வந்த 'ஸ்பைடர்மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்' படத்தில் புதியவன் மைல்ஸை நொடிக்கு 12-லும், அனுபவசாலி பீட்டரை 24-லும் அசைய விட்டு, ஒரே காட்சியில் இருவர் பக்குவத்தையும் பிரித்துக் காட்டினார்கள்.

உங்கள் டிவியின் சிப்புக்கு இதெல்லாம் தெரியாது. இரண்டு ஃபிரேம்களை ஒப்பிட்டு, எது எங்கே நகர்ந்தது என்று ஊகித்து, நடுவே தானே ஃபிரேம்களை நுழைக்கிறது. காலியிடம் நிரம்பியதும் குத்து தடவலாகிறது. தாவல் பெரிதாக இருந்தால் ஊகமும் தப்பி, விரல்களின் ஓரம் கூழாகிவிடும்.

எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ', சாம்சங்கில் 'பிக்சர் கிளாரிட்டி' அல்லது 'ஆட்டோ மோஷன் பிளஸ்' என்று செட்டிங்ஸில் இருக்கும். அணைத்துவிடுங்கள். கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை.