சூரை மணக்காமலே பழுதாகும்

மீன் செத்தவுடன் அழுகத் தொடங்கிவிடுவதில்லை. கல்லடிக் கடற்கரையில் கரைவலையிலிருந்து உதறிய பாரைக்குட்டி முதலில் துவண்டு கிடக்கும். சற்று நேரத்தில் விறைத்துக்கொள்ளும். தசையிலிருந்த ஆற்றல் தீர்ந்ததும் தசைநார்கள் ஒன்றையொன்று பற்றியபடியே இறுகிவிடுகின்றன. தலையைப் பிடித்துத் தூக்கினால் வால் தொங்காமல் நீட்டி நிற்கிறதா, தயங்காமல் விலை பேசலாம்.

விறைப்புத் தளர்ந்ததும் மீன் தன்னைத் தானே தின்கிறது. நேற்றுவரை இரையைச் செரித்த நொதியங்கள் இப்போது குடற்சுவரையே அரிக்கின்றன. சாளையின் வயிறு சட்டென்று வெடிப்பது இதனால்தான்.

அடுத்து பற்றீரியாக்கள். உயிருள்ள மீனின் சதைக்குள் அவை இல்லை. தோலிலும் செவுளிலும் குடலிலும் காத்திருக்கும். கடல்மீன்கள் உப்புநீரைச் சமாளிக்கத் தம் உடலில் ட்ரைமெதைலமீன் ஒட்சைட்டு என்ற சேர்மத்தை வைத்திருக்கின்றன. அதற்கு மணமே கிடையாது. பற்றீரியாக்கள் அதிலுள்ள ஒட்சிசனைப் பறித்துக்கொண்டால் மிஞ்சுவது ட்ரைமெதைலமீன். மீன்சந்தையில் மூக்கைப் பொத்தவைப்பது இதுவே. உன்னிச்சைக் குளத்துத் திலாப்பியாவில் அந்த மூலச்சேர்மம் மிகக் குறைவு. ஆகவே குளத்துமீன் கெட்டாலும் கடல்மீனைப் போல நாறாது.

ட்ரைமெதைலமீன் ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்க்குணம் கொண்ட பொருள். தேசிக்காய்ப் புளியோ பழப்புளியோ பட்டால் உப்பாக மாறி, ஆவியாகாமல் தங்கிவிடும். நம் வீட்டுப் பெண்கள் மீனைப் புளிவிட்டுக் கழுவுவதில் உள்ள இரசாயனம் இவ்வளவுதான். ஆனால் புளி மணத்தை அடக்குமே தவிர, பழுதான மீனை நல்லதாக்காது.

சூரை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சூரையின் சிவந்த சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நிறைய உண்டு. மீன் வெயிலில் கிடந்தால் சில பற்றீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது மணத்தில் தெரியாமல் போகலாம். அடுப்பில் எவ்வளவு கொதித்தாலும் அழியாது. பிறகு ஐஸ் போட்டாலும், உண்டான ஹிஸ்டமின் குறையாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலை இடித்து, நெஞ்சு படபடக்கும். பலர் இதை "சூரை எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். பல வேளைகளில் ஒத்துக்கொள்ளாதது சூரை அல்ல, அது வெயிலில் கிடந்த நேரம்.

இதில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு. நம் வெப்பக் கடல் மீன்களில் ஒட்டியிருக்கும் பற்றீரியாக்களில் பெரும்பாலானவை சூட்டுக்குப் பழகியவை. பூச்சிய பாகைக்கு அருகில் அவை சோர்ந்துவிடுவதால், ஐஸில் வைத்த நம் மீன் குளிர்நாட்டு மீனைவிடக் கூடுதல் நாள் தாங்கும். ஆனால் அந்த ஐஸ் வள்ளத்திலேயே இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் பெட்டியில் மீன்மேல் தூவிய ஒரு பிடி ஐஸைப் பார்த்து ஏமாறாதீர்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இல்லாவிட்டால் சூரையை விட்டுவிட்டு வேறு மீன் கேளுங்கள்.