இம்மி: 21,50,400-இல் ஒரு பங்கு

‘கணக்கு இம்மி பிசகவில்லை’ என்று காரைக்குடிப் பக்கம் ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு) பார்த்து முடித்தவர் சொன்னால், ‘கொஞ்சமும்’ என்றே இன்று பொருள் கொள்கிறோம். ஆனால் இம்மி என்பது திட்டமான ஓர் அளவு.

சொல் பழையது. ‘இம்மி யரிசித் துணையானும்’ நாள்தோறும் இயன்றதைக் கொடுத்து உண்ணுங்கள் என்கிறது நாலடியார். அங்கே அது மிகச் சிறிய அரிசியளவு. அந்தச் சிறுமைக்கு எண்சுவடி (பழைய வாய்பாட்டு ஏடு) மரபு ஓர் எண்ணைக் கட்டியது. ஒன்றை 320 ஆகப் பகுத்தால் ஒரு பங்கு முந்திரி. முந்திரியை மறுபடி 320 ஆகப் பகுத்தால் கீழ்முந்திரி, அதாவது 1/1,02,400. கீழ்முந்திரியில் 21-இல் ஒன்று இம்மி. 320 × 320 × 21 = 21,50,400. மூன்றாம் படியிலும் 320-ஐயே பெருக்கிவிடுவது எளிதில் நேரும் பிழை.

பின்னத்தின் கீழே நிற்கும் எண்ணைப் பாடநூல் ‘பகுதி’ என்கிறது. பகு என்ற வேரே பங்கிலும் பங்காளியிலும் இருக்கிறது. டினாமினேட்டருக்கு இதைவிட நல்ல சொல் தேவையில்லை. ‘பின்னம்’ வடசொல். ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட எண்ணுக்குக் கீழ்வாயிலக்கம் என்ற பெயர் நம்மிடம் இருக்கிறது, அது மறுபடி பாடநூலுக்குள் வர வேண்டும்.

இனி அந்த 21. 320-இன் பகாக்காரணிகள் 2, 5 மட்டுமே (2⁶ × 5). அதை எத்தனை முறை தன்னாலேயே பெருக்கினாலும் 3 உள்ளே வராது. 1,02,400-ஐ மூன்றால் வகுத்தால் 1 மிஞ்சும். 21 வந்ததும் 3-உம் 7-உம் சேர்கின்றன: 21,50,400 = 2¹² × 3 × 5² × 7. 1,02,400-க்கு வகுத்திகள் 39; இதற்கோ 13 × 2 × 3 × 2 = 156.

செட்டிநாட்டு வீட்டில் ஒரு சொத்தை மூன்று பங்காளிகள் பிரிப்பதாக வைத்துக்கொள்வோம். 320 முந்திரியில் ஆளுக்கு 106, மிச்சம் 2. (106 முந்திரி என்பது கால், ஒரு மா, இரண்டு காணி, ஓர் அரைக்காணி: 80 + 16 + 8 + 2.) மிஞ்சிய 2 முந்திரி 640 கீழ்முந்திரி, ஆளுக்கு 213, மிச்சம் 1. அந்த ஒன்று 21 இம்மி, ஆளுக்கு 7. கணக்கு தீர்ந்தது. ஏழு பேர் என்றால் ஆளுக்கு 45 முந்திரி, 228 கீழ்முந்திரி, 12 இம்மி, அதுவும் மிச்சமில்லை. கால்குலேட்டரில் 0.3333333 என்று போட்டு மூன்றால் திருப்பிப் பெருக்கினால் 0.9999999 வரும், இந்த முறையில் அந்தக் குறை கிடையாது. பழைய ரூபாயில் இந்தச் சிக்கலே எழவில்லை: 16 அணா × 12 பை = 192 பை, மூன்றில் ஒன்று 5 அணா 4 பை.

செட்டிநாட்டு நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுக்கும் ஒன்றைச் சமமாகப் பிரித்தால் மட்டும் இம்மியும் போதாது. 35 முந்திரி, 177 கீழ்முந்திரி, 16 இம்மி போக 3 இம்மி மிஞ்சும். பகுதியில் 3 ஒரு முறைதான் இருக்கிறது, ஒன்பதுக்கு இரண்டு வேண்டும். அடுத்த படியான மும்மி இம்மியை 11 ஆகப் பகுக்கிறது, அதன் கீழுள்ள அணு 7 ஆக. ஒன்பதாகப் பகுப்பது அணுவுக்குக் கீழே வரும் குணம். அந்த 3 இம்மி மிச்சமின்றிப் பிரிவது அங்கேதான்.