பச்சைக் கட்டத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள்

ஓசூர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஒருவர் போன வாரம் வந்தார். கையில் பளபளவென்று ஒரு ஜீன் ரிப்போர்ட். 'சர்க்கரை நோய் அபாயம்: குறைவு' என்று பச்சைக் கட்டம். அதைப் பார்த்து சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டாராம். எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, 9.4. ரொம்ப அதிகம். "ஜீன்லயே இல்லைன்னு போட்டிருக்கே சார்?" என்கிறார். இன்னொருவர் இப்படி வந்தால் எனக்கு பிரஷர் ஏறிவிடும்.

அந்தப் பச்சைக் கட்டம் ஒரு ஸ்கோரிலிருந்து வருகிறது. நோயோடு சேர்ந்து தென்படும் ஒவ்வொரு சின்ன மரபணு மாற்றத்துக்கும் ஒரு மார்க். உங்கள் மார்க்கைக் கூட்டினால் ஸ்கோர். கூட்டலில் தப்பில்லை. யாரைப் பார்த்து மார்க் போட்டார்கள் என்பதுதான் விஷயம். 2019-ல் வந்த ஓர் ஆய்வு எண்ணிப் பார்த்தபோது, இத்தகைய ஆராய்ச்சிகளில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் போட்ட ஸ்கோர்களின் துல்லியம் தெற்காசியர்களிடம் சராசரியாக 37 சதவீதம் குறைந்தது.

"மனுசங்க எல்லாருக்கும் ஜீன் ஒண்ணுதானே?" ஒன்றுதான். ஆனால் பரிசோதனை பெரும்பாலும் நோய்க்குக் காரணமான மாற்றத்தைப் படிப்பதில்லை. அதன் அருகில் இருக்கும் அடையாளத்தைத்தான் படிக்கிறது. பாலக்கோட்டில் 'புளியமரத்துக்குப் பக்கத்து வீடு' என்று வழி சொன்னால், அதை வைத்துக் காவேரிப்பட்டணத்தில் வீடு தேட முடியுமா? எந்த அடையாளம் எந்த மாற்றத்தோடு சேர்ந்து வரும் என்பது ஒவ்வொரு வம்சாவளி மக்களுக்கும் வேறுபடும்.

இரண்டு வம்சாவளி மக்களிடையே மரபணுக்களின் தாக்கம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று அளக்க முறைகள் உண்டு. பாப்கார்ன் என்றே ஒரு மென்பொருள் இருக்கிறது, சிரிக்காதீர்கள். விடை 1 என்றால் தாக்கம் ஒன்றே. அப்படி வந்தால்கூட ஸ்கோர் இங்கே அதே அளவு பலிக்கும் என்று அர்த்தமில்லை, அடையாளச் சிக்கல் அப்படியே இருக்கும். விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்புறம், நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது இன்னும் உண்டு. அதனால் வரக்கூடிய அரிய மரபு நோய்கள் இந்த ஸ்கோரில் வராது. அதற்குத் தனிப் பரிசோதனை, தனி ஆலோசனை.

சர்க்கரை ஏற்கெனவே வந்துவிட்டவருக்கு 'வருமா' என்று சொல்லும் ஸ்கோர் எதற்கு? வராதவர்கள் முதலில் இடுப்பை அளங்கள்: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80-ஐத் தாண்டினால் ரத்தப் பரிசோதனை. அப்பா அம்மாவுக்கு இருந்தால் இடுப்பு எவ்வளவு இருந்தாலும் சரி, பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் தொடங்கியதே நம் சூளகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில்தான். வீடு தேடி மாத்திரை வருகிற ஊரில் காசைக் கொட்டி ஜீன் பரிசோதனைக்கு எச்சிலை அனுப்புகிறோம்!

சிவப்புக் கட்டம் வந்து தூக்கம் தொலைத்தவர்களுக்கும் இதே பதில்தான். மாத்திரையை நிறுத்தத் தோன்றினால் தயவுசெய்து முதலில் உங்கள் டாக்டருக்கு ஒரு போன் போடுங்கள்.